வெளியீடு சரியாக வந்தால் போதாது: மறையாக்க ஆய்வகம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

கிரிப்டோகிராஃபி, நெட்வொர்க் செக்யூரிட்டி என்ற பெயர்களில் கல்லூரிகளில் பாடம் எடுத்து, அதற்கான லேப்பையும் நடத்துகிறவர்கள் நீங்கள். உங்களிடம் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகள் எழுதும் நிரலை, அது வாடிக்கையாளர் கைக்குப் போவதற்கு முன் படித்துப் பார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி. கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் மறையாக்கம் என்று வரும் இடத்தில் மட்டும் ஒரே வகைப் பிழைகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. எங்கே கற்றாய் என்று கேட்டால், லேப்பில் செய்ததுதான் என்கிறார்கள். அதனால்தான் இந்த மடல். கேட்பது ஒன்றே ஒன்று: சமச்சீர் மறையாக்கப் பயிற்சிக்கு மதிப்பெண் போடும் அளவுகோலை மாற்றுங்கள்.

இப்போதைய அளவுகோல் நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு சொற்றொடரை உள்ளே கொடுக்க வேண்டும்; புரியாத எழுத்துக் குவியலாக அது வெளியே வர வேண்டும்; அதே சாவியால் திறந்தால் பழைய சொற்றொடர் திரும்பி வர வேண்டும். வந்துவிட்டால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து. எண்களை வரிசைப்படுத்தும் நிரலுக்கு இப்படிச் சோதிப்பது சரி. எண்கள் வரிசையாக வந்தால் நிரல் சரியாக வேலை செய்கிறது என்று பொருள். மறையாக்கத்தில் அப்படி இல்லை. மிக மோசமாக மறைத்த உரையும் அதன் சாவியைக் கொடுத்தால் பிசிறில்லாமல் திறக்கும். பாதுகாப்பான நிரலும், பாதுகாப்பே இல்லாத நிரலும் இந்தச் சோதனையில் ஒரே மதிப்பெண் வாங்குகின்றன. திரும்பி வந்துவிட்டால் சரி என்பதுதான் மாணவர் மனதில் பதிகிறது. அந்த நம்பிக்கையோடுதான் அவர் மருத்துவமனை மென்பொருளும் வங்கிச் செயலியும் எழுத வருகிறார்.

ஜாவாவையே எடுத்துக்கொள்வோம், பெரும்பாலான லேப்களில் அதுதான் மொழி. சைஃபர் வகுப்பின் கெட்இன்ஸ்டன்ஸ் செயற்கூற்றுக்கு ஏஇஎஸ் என்று மட்டும் கொடுத்தால் நிரல் ஓடும். எச்சரிக்கை எதுவும் வராது. ஆனால் ஜாவாவோடு வரும் வழக்கமான பொதி அந்த ஒற்றைச் சொல்லை, ஏஇஎஸ் பிளாக் சைஃபர், இசிபி மோடு, பிகேசிஎஸ்5 பேடிங் என்று விரித்துக்கொள்கிறது. மோடு என்று ஒன்று இருப்பதே தெரியாமல், இருப்பதிலேயே மோசமான மோடை மாணவர் தேர்ந்தெடுத்துவிடுகிறார்.

ஏஇஎஸ் மீது பழி இல்லை. 1997இல் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் விடுத்த அறிவிப்புக்கு உலகம் முழுவதிலிருந்தும் வந்து போட்டியில் நின்ற 15 வடிவமைப்புகளை வல்லுநர்கள் ஆண்டுக்கணக்கில் தாக்கிப் பார்த்தார்கள். இறுதிச் சுற்றுக்கு வந்த ஐந்தில், பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டாமன், வின்சென்ட் ரெய்மன் இருவரும் வடிவமைத்த ரெய்ன்டால் தேர்வாகி, 2001 நவம்பரில் தரநிலை ஆனது. அது செய்யும் வேலை மிகச் சிறியது: 16 பைட் உள்ளே போனால் 16 பைட் வெளியே வரும். அதைத் தாண்டி ஏஇஎஸ் எந்த வாக்குறுதியும் தரவில்லை. நம் செய்தியோ 16 பைட்டோடு நிற்பதில்லை. அதை எப்படித் துண்டு போடுவது, துண்டுகளை எப்படிக் கோப்பது, ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக எதைச் சேர்ப்பது, யாராவது நடுவில் கை வைத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, இவையெல்லாம் பிளாக் சைஃபருக்கு வெளியே நடக்கும் வேலைகள். உண்மையான உடைப்புகள் அங்கேதான் நிகழ்ந்திருக்கின்றன. நம் லேப்பில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

இசிபி மோடில் ஒவ்வொரு 16 பைட் துண்டும் தனித்தனியாக மறைகிறது. ஒரே துண்டு இரண்டு இடத்தில் இருந்தால் மறையுரையிலும் இரண்டு இடத்தில் ஒரே மாதிரி வரும். கரும்பலகையில் சொல்வதைவிட மாணவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். 60 பேர் கொண்ட வகுப்பின் தேர்வு முடிவை ஒரு அட்டவணையில் போடச் சொல்லுங்கள். ஒரு நெடுவரிசையில் தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் இருக்கட்டும். அந்த நெடுவரிசையின் ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாக இசிபியில் மறைக்கச் சொல்லி, சாவியைக் கொடுக்காமல் அட்டவணையை இன்னொரு மாணவர் கையில் கொடுங்கள். யூடிஎஃப்-8இல் தேர்ச்சி என்பது 24 பைட், தோல்வி என்பது 18 பைட். பேடிங் சேர்ந்தபின் இரண்டுமே 32 பைட்டாக ஆகிவிடும். நீளத்தை வைத்து எதுவும் தெரியாது. ஆனால் 60 வரிகளிலும் இரண்டே வகை மறையுரைதான் இருக்கும். பெரும்பாலோர் தேறிய வகுப்பு என்றால், எண்ணிக்கை குறைவாக உள்ள வகை எது என்று பார்த்தால் போதும். தோற்றவர் பெயர் அத்தனையும் கையில் வந்துவிடும். ஏஇஎஸ் 256 பிட் சாவியே போட்டிருந்தாலும் இதுதான் நடக்கும்.

இது வகுப்பறையில் மட்டும் நடக்கிற விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. 2013இல் அடோபி நிறுவனத்திலிருந்து கசிந்த கோப்பில் கோடிக்கணக்கான பயனர்களின் கடவுச்சொற்கள் டிரிபிள் டெஸ் கொண்டு இசிபி மோடில் மறைக்கப்பட்டிருந்தன. கடவுச்சொல்லை ஹேஷ் செய்து வைப்பதை விட்டுவிட்டு மறையாக்கம் செய்ததே முதல் தவறு. அதன்மேல் இசிபி சேர்ந்ததால், ஒரே கடவுச்சொல் வைத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே மறையுரை. பயனர்கள் தங்கள் நினைவுக்காக எழுதி வைத்த குறிப்புகளோ மறைக்கப்படாமல் பக்கத்திலேயே கிடந்தன. ஒரே மறையுரை கொண்ட பலருடைய குறிப்புகளைச் சேர்த்துப் படித்தவர்கள், சாவியைத் தொடாமலேயே ஏராளமான கடவுச்சொற்களைக் கண்டுபிடித்தார்கள். 2020 ஏப்ரலில், ஊரடங்கில் உலகமே ஜூமில் பேசிக்கொண்டிருந்தபோது, டொரான்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள், அதன் ஒலியும் காட்சியும் ஏஇஎஸ்-128 கொண்டு இசிபி மோடில் மறைக்கப்படுவதைக் காட்டினார்கள். அந்த ஆண்டே ஜூம் ஜிசிஎம் மோடுக்கு மாறியது.

சில ஆசிரியர்கள் சிபிசி மோடு சொல்லிக் கொடுக்கிறீர்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் லேப் நிரல்களில் ஐவி என்னும் தொடக்க மதிப்பாக 16 சுழியங்களை எழுதி வைத்திருப்பதைப் பார்க்கிறேன். அப்படிச் செய்தால், ஒரே தொடக்கம் உள்ள செய்திகள் ஒரே மாதிரி தொடங்கும் மறையுரையாகவே வரும். இசிபியின் நோய் பாதி திரும்பி வந்துவிடும். ஒவ்வொரு செய்திக்கும் யாரும் முன்கூட்டி ஊகிக்க முடியாத புதிய ஐவி வேண்டும். அதை ரகசியமாக வைக்க வேண்டியதில்லை, மறையுரையோடு சேர்த்தே அனுப்பலாம்.

அதோடு வேலை முடிந்துவிடாது. இங்கேதான் மாணவர்கள் வாய் பிளந்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. 1000 ரூபாய் அனுப்பு என்ற செய்தியைச் சிபிசியில் மறைக்கச் சொல்லுங்கள். 1 என்ற எழுத்தின் பைட் மதிப்பு பதினாறடிமானத்தில் 31, 9 என்ற எழுத்தின் மதிப்பு 39. இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு பிட். செய்தியோடு போகும் ஐவியின் முதல் பைட்டில் அந்த ஒரு பிட்டை மட்டும் புரட்டிவிட்டு, சாவி உள்ளவரைத் திறக்கச் சொல்லுங்கள். 9000 ரூபாய் அனுப்பு என்று வரும். வேறு ஒரு எழுத்தும் கெடாது. சாவி தெரியாது, மறையுரையைத் தொடவும் இல்லை, தொகை மட்டும் ஒன்பது மடங்கு ஆகிவிட்டது. மறைப்பது வேறு, மாறாமல் காப்பது வேறு என்பதை எத்தனை வரிகளில் விளக்கினாலும் இந்த ஒரு வெளியீடு பதிய வைப்பதுபோல் பதியாது.

சிபிசியின் இன்னொரு பக்கம் பேடிங். கடைசித் துண்டை 16 பைட்டாக நிரப்பச் சேர்க்கும் பைட்டுகள் சரியாக இல்லை என்றால் லைப்ரரி ஒரு பிழையை வீசும். அந்தப் பிழையை அப்படியே பயனருக்குக் காட்டும் நிரலை நம் பிள்ளைகள் மிக இயல்பாக எழுதுகிறார்கள், பிழைச் செய்தி தெளிவாக இருக்க வேண்டும் என்று நாமேதான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். 2002இல் செர்ஜ் வோடனே காட்டிய தாக்குதலுக்கு அந்தப் பிழைச் செய்தி ஒன்றே போதும். பேடிங் சரியா தவறா என்ற பதிலை மட்டும் சர்வரிடம் கேட்டுக் கேட்டு, ஒரு பைட்டுக்கு அதிகபட்சம் 256 முயற்சியில், முழுச் செய்தியையும் பின்னாலிருந்து முன்னால் படித்துவிடலாம். 2010இல் ஜூலியானோ ரிசோ, தாய் துவாங் இருவரும் இதே வழியில் மைக்ரோசாஃப்ட்டின் ஏஎஸ்பி டாட் நெட் தளங்களை உடைத்துக் காட்டியபோது, அந்த நிறுவனம் வழக்கமான மாதாந்திர நாளுக்குக் காத்திருக்காமல் திருத்தம் வெளியிட்டது. சிபிசியைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், மறைத்த பிறகு மறையுரைக்கும் ஐவிக்கும் சேர்த்து ஹெச்மேக் போட வேண்டும். திறக்கும் முன் அதைச் சரிபார்க்க வேண்டும். சரியில்லை என்றால் திறக்கவே கூடாது.

புதிதாக எழுதும் நிரலுக்கு ஜிசிஎம் மோடைச் சொல்லிக் கொடுங்கள். மறைப்பதையும் மாறாமல் காப்பதையும் சேர்த்தே செய்யும். ஜாவாவில் ஏஇஎஸ், ஜிசிஎம், நோபேடிங் என்று மூன்றையும் எழுதி, 12 பைட் நான்ஸ் கொடுத்தால், மறையுரையின் இறுதியில் 16 பைட் டேக் ஒன்று சேர்ந்து வரும். நடுவில் ஒரு பிட் மாறினாலும் திறக்கும்போது விதிவிலக்கு எழும். மேலே சொன்ன 9000 ரூபாய்ச் சோதனையை ஜிசிஎம்மில் செய்ய வைத்து, அது தோற்பதையும் ரெக்கார்டில் எழுத வையுங்கள்.

ஜிசிஎம்முக்கும் ஒரு கடுமையான நிபந்தனை உண்டு. ஒரே சாவியோடு ஒரே நான்ஸ் இரண்டாவது முறை வரவே கூடாது. வந்தால் இரண்டு மறையுரைகளையும் எக்ஸ்ஓஆர் செய்தாலே இரண்டு மூல உரைகளின் எக்ஸ்ஓஆர் கிடைத்துவிடும். அதைவிட மோசம், டேக் கணக்கிடும் உள்சாவியையும் கண்டுபிடிக்க வழி திறக்கும்; அதன்பின் போலிச் செய்திகளுக்குச் செல்லுபடியாகும் டேக் போடலாம். 2016இல் இணையத்தைத் துழாவிய ஓர் ஆய்வுக் குழு, நான்ஸைத் திரும்பப் பயன்படுத்தும் 184 ஹெச்டிடிபிஎஸ் சர்வர்களைக் கண்டது. பயிற்சி பெற்றவர்கள் எழுதிய சர்வர் நிரல்களிலேயே இந்த நிலை. ஜாவாவின் வழக்கமான பொதி, ஒரே சைஃபர் பொருளில் அதே சாவியையும் நான்ஸையும் கொண்டு மறுபடி மறைக்க முயன்றால் மறுத்துவிடும். மாணவர் அந்தப் பிழையைப் பார்த்ததும் புதிய பொருள் ஒன்றை உருவாக்கித் தப்பித்துவிடுவார். ஏன் மறுக்கிறது என்று நீங்கள் அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று கேட்டால்தான் அவர் யோசிப்பார்.

கூர்மையான மாணவர் இருந்தால் தேர்வு முடிவு அட்டவணையை ஜிசிஎம்மில் மறைத்துவிட்டு உங்களிடம் திரும்பி வருவார்: 60 மறையுரையும் வேறு வேறாக இருக்கின்றன, ஆனாலும் யார் தோற்றார் என்று சொல்லிவிடுவேன் என்பார். அவர் சொல்வது சரி. ஜிசிஎம் பேடிங் சேர்ப்பதில்லை, டேக் நீங்கலாக 24 பைட் 24 ஆகவே நிற்கும், 18 பைட் 18 ஆகவே நிற்கும். நீளத்தை மறைப்பது எந்த மோடின் பொறுப்பும் இல்லை. மறைக்கும் முன் எல்லா மதிப்பையும் ஒரே நீளத்துக்குக் கொண்டுவருவது நிரலாளர் வேலை. அந்த மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

சாவியைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இங்கே கவிழ்கிறார்கள். லேப் நிரலின் முதல் வரியில் சாவி ஒரு சரமாக எழுதப்பட்டிருக்கும். அந்தப் பழக்கம் அப்படியே ஆண்ட்ராய்டு செயலிக்குள் போகிறது; செயலிக் கோப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் அந்தச் சரம் கிடைக்கும். பதினாறு எழுத்துள்ள சொல்லைச் சாவியாக வைக்கச் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. தமிழில் கடவுச்சொல் வைக்கலாம் என்று ஆசைப்படும் மாணவருக்கு என்ன ஆகிறது பாருங்கள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். சொற்றொடர் நீளமாகிச் சாவி நீளம் தவறு என்று லைப்ரரி சொல்லும். உடனே அவர் முதல் 16 பைட்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வார். நிரல் ஓடும், உரை திரும்பி வரும், மதிப்பெண்ணும் விழும்.

அந்த 16 பைட்டில் இருப்பது ஐந்து குறியீடுகளும், ஆறாவதின் முதல் பைட்டும். தமிழ்க் குறியீடு எதுவாக இருந்தாலும் அந்த முதல் பைட் ஒன்றேதான். ஆக, மாறக்கூடியது ஐந்து குறியீடுகள் மட்டும். யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் இருப்பவை 72. 72ஐ ஐந்து முறை பெருக்கினால் 193 கோடி சொச்சம். ஏஇஎஸ்-128க்கு இருக்க வேண்டிய சாவிகளின் எண்ணிக்கை 39 இலக்க எண். அது 193 கோடியாகச் சுருங்கிவிட்டது. இன்றைய மடிக்கணினிச் சில்லுகளில் ஏஇஎஸ்ஸுக்கென்றே தனிக் கட்டளைகள் இருக்கின்றன. அத்தனை சாவியையும் போட்டுப் பார்த்து முடிக்கச் சில நிமிடங்கள் போதும். சாவியை லைப்ரரியின் பாதுகாப்பான ரேண்டம் எண் உருவாக்கியிடம் கேட்டு வாங்க வேண்டும். கடவுச்சொல்லிலிருந்துதான் சாவி வர வேண்டும் என்றால், சால்ட் சேர்த்து ஆர்கான்2 அல்லது பிபிகேடிஎஃப்2 வழியாக வர வேண்டும், எந்த மொழிக் கடவுச்சொல்லாக இருந்தாலும்.

பழியெல்லாம் உங்கள் மேல் என்று நான் சொல்லவில்லை. 2013இல் 11,748 ஆண்ட்ராய்டு செயலிகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, அவற்றில் 10,327 செயலிகள், அதாவது 88 விழுக்காடு, இசிபி, மாறாத ஐவி, நிரலிலேயே எழுதிய சாவி போன்ற பிழைகளில் ஒன்றையாவது செய்திருந்ததாகக் கண்டது. உலகம் முழுவதும் இதே கதைதான். லைப்ரரி எழுதுகிறவர்கள் இதைப் புரிந்துகொண்டு திருத்திக்கொண்டும் வருகிறார்கள். பைத்தானின் பழைய பைகிரிப்டோவில் மோடு சொல்லாவிட்டால் இசிபிதான். 2013க்குப் பிறகு அதற்குப் புதிய வெளியீடு இல்லை. அதன் வழித்தோன்றலான பைகிரிப்டோடோமில் மோடைச் சொல்லியே ஆக வேண்டும். பைத்தானின் கிரிப்டோகிராஃபி லைப்ரரியில் நேரடியான பிளாக் சைஃபர்கள், அபாயப் பொருள் என்று பொருள்படும் பெயரிட்ட தனி அடுக்கில் இருக்கின்றன. கோ மொழியின் அடிப்படை லைப்ரரியில் இசிபி மோடே கிடையாது. பிஹெச்பி தன் எம்கிரிப்டை 7.2ஆம் பதிப்பில் நீக்கிவிட்டது. மாறாமல் இருப்பது ஆண்டுக்கு ஆண்டு கைமாறி வரும் லேப் நிரல்கள்தான்.

சிலபஸ் எங்கள் கையில் இல்லை, எக்ஸ்டர்னல் வருகிறவர் பட்டியலைப் பார்த்துத்தான் கேட்பார் என்று நீங்கள் சொல்வது நியாயம். டெஸ்ஸை நீக்கச் சொல்லியும் நான் கேட்கவில்லை. ஃபைஸ்டல் அமைப்பைத் தாளில் ஒரு சுற்றுப் போட்டுப் பார்ப்பதில் இருக்கும் இன்பம் தனி. எஸ்-பாக்ஸ் ஏன் இருக்கிறது என்று கையால் கணக்கிட்ட மாணவருக்குத்தான் விளங்கும். ஆனால் 1998இல் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் கட்டிய எந்திரம் டெஸ்ஸின் 56 பிட் சாவியை 56 மணி நேரத்தில் கண்டுபிடித்தது என்பதையும், 2005இல் அந்தத் தரநிலையே திரும்பப் பெறப்பட்டது என்பதையும் அதே பக்கத்தில் எழுத வையுங்கள். வரலாறாகக் கற்கட்டும், பயன்படுத்தும் கருவியாகக் கற்க வேண்டாம்.

பட்டியலில் உள்ள ஏஇஎஸ் அல்லது டெஸ் பயிற்சி அப்படியே இருக்கட்டும். மாணவர் அதை முடித்து நோட்டை நீட்டும்போது, கையெழுத்துப் போடும் முன் இன்னொரு பக்கம் கேளுங்கள். அந்தப் பக்கத்தில் இதே நிரல் தோற்பதைக் காட்டும் வெளியீடு ஒன்று இருக்கட்டும். திரும்ப வரும் துண்டுகளாகவோ, புரட்டிய பிட்டாகவோ, இரண்டு முறை வந்த நான்ஸாகவோ அது இருக்கலாம். பிறகு வைவாவில், எந்த மோடு, நான்ஸ் எங்கிருந்து வந்தது, சாவி எங்கே இருக்கிறது, செய்தியை யாராவது மாற்றினால் உன் நிரலுக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். ஏஇஎஸ் போட்டிருக்கிறேன் சார், ஏஇஎஸ் போட்டிருக்கிறேன் மேடம் என்ற பதிலை ஏற்காதீர்கள்.

இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம், கூடுதல் நிதியும் வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வரும் செமஸ்டரின் முதல் பேட்ச்சிலேயே தொடங்குங்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் மாணவர்களின் நிரலைப் படிக்கும் ஒருவர்